சந்திரகிரி, சித்தூர், திருப்பதி: மூன்று தலைநகரங்களின் கதை

திருப்பதிக்குப் போகாத தமிழ்க் குடும்பம் நம் சங்கத்தில் ஒன்றாவது இருக்குமா என்பது சந்தேகம்தான். விடுமுறைக்கு ஊருக்குப் போனால் சென்னையில் இறங்கி, உறவினர் வீடுகளைச் சுற்றி முடிப்பதற்குள் மலைக்கு ஒரு நாள் ஒதுக்கி விடுகிறோம். முடி காணிக்கை, க்யூ, தரிசனம், லட்டு, திரும்பும் பஸ். மலையடிவாரத்தில் இருக்கும் ஊரை நாம் பார்ப்பதெல்லாம் பஸ் ஜன்னல் வழியாகத்தான்.

ஆனால் அந்த ஊரையும் அதைச் சுற்றியுள்ள வட்டாரத்தையும் நின்று பார்த்தால் ஒரு சுவையான செய்தி கிடைக்கும். எழுபது, எண்பது கிலோமீட்டருக்குள் இங்கே மூன்று தலைநகரங்கள் இருக்கின்றன. சந்திரகிரி, அரசர்கள் கோட்டை கட்டி ஆண்ட தலைநகரம். சித்தூர், வெள்ளைக்காரர்கள் உத்தரவு போட்டு ஆக்கிய ஜில்லாத் தலைநகரம். திருப்பதியோ 2022 ஏப்ரல் 4 அன்றுதான் மாவட்டத் தலைநகரம் ஆயிற்று. ஆந்திரப் பிரதேசத்தின் 13 மாவட்டங்கள் 26 ஆகப் பிரிக்கப்பட்ட நாள் அது.

இந்த மூன்றில் தெருவும் குளமும் பிழைப்பும் யோசித்துத் திட்டமிட்டு எழுப்பப்பட்ட ஊர் எது என்று கேட்டால், தலைநகரமாக வேண்டும் என்று யாருமே நினைக்காத திருப்பதிதான்! எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுகளாக அது நிலைத்து நிற்பதற்கும் அந்தத் திட்டமே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சந்திரகிரி: சென்னைக்கு இடம் கொடுத்த ராஜ்யம்

திருப்பதிக்குத் தென்மேற்கே பதினைந்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது சந்திரகிரி. விஜயநகரப் பேரரசு தன் நிலப்பரப்பைப் பல ராஜ்யங்களாகப் பிரித்து ஆண்டது. ராஜ்யம் என்றால் பிற்காலத்து மாகாணம் போன்ற ஒரு பிரிவு என்று வைத்துக்கொள்ளலாம். அவற்றுள் ஒன்று சந்திரகிரி ராஜ்யம். இங்கிருந்து ஆண்ட சாளுவ நரசிம்மர் 1485-இல் பேரரசின் சிம்மாசனத்திலேயே ஏறி அமர்ந்தார். கிருஷ்ணதேவராயரின் தம்பி அச்சுத ராயர், பட்டத்துக்கு வரும் முன்பு காவலில் வைக்கப்பட்டிருந்ததும் இங்கேதான்.

1565-இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் அழிந்தது. அரசர்கள் முதலில் பெனுகொண்டாவுக்குப் போனார்கள். 16-ஆம் நூற்றாண்டின் முடிவில் சந்திரகிரிக்கு வந்தார்கள். பிறகு வேலூரும் அவர்கள் தலைநகரமாயிற்று. ஒரு பேரரசு சுருங்கச் சுருங்க, தலைநகரம் தெற்கே தெற்கே நகர்ந்து வந்த கதை இது.

இந்த இடத்தில் நம் சென்னை கதைக்குள் வருகிறது. 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே கடற்கரையில் ஒரு துண்டு மணல் பூமியைப் பெற்றது, தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கரிடம் அல்லவா? அந்த நாயக்கர் சந்திரகிரி ராயருக்குக் கட்டுப்பட்டவர். 1645-இல் மூன்றாம் ஸ்ரீரங்க ராயர் அந்தக் கொடையை உறுதி செய்து கொடுத்தார். அடுத்த சில ஆண்டுகளில் சந்திரகிரி கோல்கொண்டா சுல்தான் வசம் போய்விட்டது. மணல் துண்டு மாநகரமாயிற்று. இடம் கொடுத்த தலைநகரம், இடம் பெற்ற ஊரின் கீழ் ஒரு தாலுகாவாக ஆயிற்று!

இன்று அங்கே ராஜ மஹாலும் ராணி மஹாலும் நிற்கின்றன. தொல்லியல் துறை ராஜ மஹாலில் அருங்காட்சியகம் வைத்திருக்கிறது. மரமே இல்லாமல் கல், செங்கல், சுண்ணாம்புச் சாந்து கொண்டு கட்டிய மூன்றடுக்கு மாளிகை. பின்னால் பாறைக் குன்று, அதன்மேல் கோட்டை. பார்க்க அழகுதான். ஆனால் அரசர் போன பிறகு அந்தக் கோட்டைக்குள் ஊர் தங்கவில்லை. அரசரின் செலவில் வாழ்ந்த இடம் அரசரோடு போயிற்று.

இராமானுசர் போட்ட தெரு

இனி அடிவாரத்துக்கு வருவோம். திருப்பதி ஊர் பிறப்பதற்கு முன்பே திருச்சானூர் இருந்தது. நம் வீட்டுப் பெரியவர்கள் அலமேலுமங்காபுரம் என்று சொல்லும் அதே ஊர்தான். கல்வெட்டுகளில் திருச்சுகனூர் என்று வருகிறது. பழைய நூல்கள் பொன்முகலி என்று அழைக்கும் சுவர்ணமுகி ஆற்றங்கரையில் இருந்த அந்த ஊரின் சபையார், பல்லவர், சோழர் காலத்தில் மலைக்கோயில் காரியங்களையும் கவனித்து வந்தார்கள். சபை என்றால் ஏதோ பஜனை மடம் என்று நினைக்க வேண்டாம். நிலம், நீர், வட்டி, விளக்கு எண்ணெய் எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்த உள்ளாட்சி மன்றம் அது. இந்த வட்டாரத்து ஊர்ச் சபை ஒன்று கோயிலில் இருபத்து நான்கு விளக்குகள் எரிப்பதாக ஒப்புக்கொண்டு இரண்டு மட்டுமே எரித்து வந்ததை, முதலாம் ராஜேந்திர சோழனின் அதிகாரி விசாரித்துத் திருத்தியதாக ஒரு கல்வெட்டுச் சொல்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆடிட் ரிப்போர்ட்!

12-ஆம் நூற்றாண்டில் இராமானுசர் வந்தார். அவருடைய தாய்மாமன் திருமலை நம்பி இங்கேதான் வாழ்ந்தார். அவரிடம் இராமாயணப் பாடம் கேட்க இராமானுசர் ஓராண்டு தங்கினார் என்பது வைணவ மரபு. தில்லையிலிருந்து கொண்டுவரப்பட்ட கோவிந்தராஜப் பெருமாளை மலையடிவாரத்தில் 1130-இல் பிரதிஷ்டை செய்து, கோயிலைச் சுற்றித் தெருக்கள் அமைத்துக் குடிகளை வைத்தவர் அவரே என்றும் அந்த மரபு சொல்கிறது. அருகே கோட்டூர் என்ற சிற்றூர் இருந்தது. புதிய ஊருக்கு இராமானுசபுரம் என்று பெயர். இன்றைய திருப்பதி நகரம் இந்த நாளைத்தான் தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது.

அந்தத் திட்டத்தைப் பார்க்க வேண்டுமானால் ரயில் நிலையத்திலிருந்து கோவிந்தராஜர் கோயிலுக்கு நடந்தால் போதும். நான் போன முறை மலைக்கு ஒரு நாளும் ஊருக்கு ஒரு நாளுமாக ஒதுக்கி அப்படித்தான் நடந்தேன். நடுவில் கோயில், சுற்றிலும் மாட வீதிகள், பக்கத்தில் புஷ்கரணி. தேர் திரும்பும் அகலத்துக்குத் தெரு. ஸ்ரீரங்கத்திலும் மதுரையிலும் நாம் பார்த்த அதே இலக்கணம். அதற்கு அப்பால் வரும் தெருப் பெயர்களைப் படித்துக்கொண்டே போனால் யார் யார் எங்கே இருந்தார்கள் என்று தெரிந்துவிடும். கர்ணால வீதி என்றால் கணக்கர்களின் தெரு. பேரி வீதி என்றால் பேரிச் செட்டிகளின் தெரு. பண்ட்ல வீதி என்றால் வண்டிகளின் தெரு. தீர்த்தக்கட்ட வீதி என்றால் குளக்கரை. பெயர்கள் தெலுங்கு, அமைப்பு நமக்கு நன்றாகப் பழகியது.

ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு

தெரு போட்டால் மட்டும் ஊர் ஆகிவிடாது. அந்தத் தெருவில் இருப்பவனுக்கு நாளைக்கும், அவன் பேரனுக்கும் வேலை இருக்க வேண்டும். திருப்பதியின் உண்மையான திட்டம் அங்கேதான் இருக்கிறது என்பேன்.

திருமலை, திருப்பதி, திருச்சானூர்க் கோயில்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் கிடைத்துள்ளன. சாது சுப்பிரமணிய சாஸ்திரியார் அவற்றைத் தேடிப் படித்துத் தொகுத்தார். தேவஸ்தானம் 1930-களில் பல தொகுதிகளாக வெளியிட்டது. அவற்றுள் மிகப் பெரும்பான்மை தமிழில் இருக்கின்றன. தெலுங்கும் கன்னடமும் கொஞ்சம். தெலுங்கும் கன்னடமும் பேசிய விஜயநகர மன்னர்கள் காலத்துக் கல்வெட்டுகளும் தமிழிலேயே வெட்டப்பட்டிருப்பதுதான் வியப்பு. பலவற்றின் முடிவிலும் கோயில் கணக்கர் ‘திருநின்றவூருடையான்’ என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஆம், ஆவடிக்கு அப்பால் நாம் மின்சார ரயிலில் தாண்டிப் போகும் அதே திருநின்றவூர்தான்! அந்த ஊர் வழிவந்த கணக்கர் குடும்பம் தலைமுறை தலைமுறையாக ஏழுமலையான் கணக்கை எழுதியிருக்கிறது.

கல்வெட்டுகள் சொல்லும் ஏற்பாடு என்ன? ஒருவர் கோயிலுக்குப் பணம் கொடுக்கிறார். கோயில் அந்தப் பணத்தைப் பெட்டியில் போட்டுப் பூட்டுவதில்லை. கோயிலுக்குச் சொந்தமான கிராமங்களில் ஏரி வெட்டவும் கால்வாய் தோண்டவும் செலவழிக்கிறது. அதனால் கூடுதலாக விளையும் நெல்லிலிருந்து கொடுத்தவர் பெயரில் அன்றாடம் தளிகை நடக்கிறது. அந்தப் பிரசாதத்தில் கொடுத்தவருக்கு நாலில் ஒரு பங்கு. இதற்குக் கல்வெட்டில் வரும் பெயர் ‘விட்டவன் விழுக்காடு’. என்ன அழகான தமிழ்ச் சொல்! மீதிப் பிரசாதம் கோயில் ஊழியருக்கும் யாத்திரிகருக்கும் போகிறது. திருவிழா நாட்களில் குயவர் முதல் கணக்கர் வரை இன்னாருக்கு இவ்வளவு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வழிப்போக்கருக்குச் சோறு போட இராமானுச கூடங்கள் இருந்தன.

பர்ட்டன் ஸ்டைன் என்ற அமெரிக்க வரலாற்று அறிஞர் 1960-இல் இந்த ஏற்பாட்டைப் பற்றி எழுதிய கட்டுரை, தென்னிந்தியக் கோயில் ஒரு பொருளாதார நிறுவனமாக எப்படி இயங்கியது என்பதை உலகுக்கு எடுத்துக் காட்டியது. பக்தி, ஏரி, நெல், சோறு, கூலி என்ற சங்கிலி அறுபடாமல் இருந்ததால் பல்லவர் போய்ச் சோழர் வந்தபோதும், யாதவராயர் போய் விஜயநகரத்தார் வந்தபோதும் ஊர் கலையவில்லை. 1843 முதல் 1933 வரை ஹாதிராம்ஜி மடத்தின் மகந்துகள் நிர்வாகம் செய்தார்கள். அதற்குப் பின் தேவஸ்தானம் கமிட்டி வந்தது. 1944-இல் மலைக்கு மோட்டார் ரோடு வந்தது. நிர்வாகம் மாறிக்கொண்டே இருந்தது, அடுப்பு அணையவில்லை.

சித்தூர்: உத்தரவால் வந்த பெருமை

இப்போது மலையை விட்டுத் தென்மேற்கே எழுபது கிலோமீட்டர் சித்தூருக்குப் போவோம்.

1782 டிசம்பரில் ஹைதர் அலி இறந்தது சித்தூருக்கு அருகேதான். 1801-இல் ஆர்க்காட்டு நவாபின் சீமையைக் கம்பெனி எடுத்துக்கொண்டபின், வட ஆர்க்காடு ஜில்லாவுக்குச் சித்தூர் தலைநகரமாயிற்று. வேலூர், ஆரணி, வந்தவாசி எல்லாம் அந்த ஜில்லாவில் அடக்கம். வந்தவாசிக்காரர் ஒருவர் கலெக்டருக்கு மனுக் கொடுக்க வேண்டுமானால் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு சித்தூருக்குத்தான் போக வேண்டும். 1888-இல் திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணனும் வட ஆர்க்காடு ஜில்லாக்காரரே.

1911 ஏப்ரல் 1 அன்று புதிதாகச் சித்தூர் ஜில்லா பிறந்தது. வட ஆர்க்காட்டிலிருந்து சித்தூர், பலமநேரி, சந்திரகிரித் தாலுகாக்கள். கடப்பையிலிருந்து மதனப்பள்ளி, வாயல்பாடு. இவற்றோடு காளஹஸ்தி, புங்கனூர், கார்வெட்டி நகர் போன்ற ஜமீன் பகுதிகள். மிஞ்சிய வட ஆர்க்காட்டுக்கு வேலூர் தலைநகரம் ஆயிற்று. தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் பேசப்படும் ஜில்லா இது. புங்கனூரில் பிறந்த சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையிடம்தான் நம் மதுரை சோமு சங்கீதம் படித்தார். திருச்சானூரில் பிறந்து சித்தூரில் வக்கீல் தொழில் பார்த்த அனந்தசயனம் ஐயங்கார், 1956 முதல் 1962 வரை மக்களவையின் சபாநாயகராக இருந்தார்.

சித்தூருக்குக் கோர்ட்டும் கலெக்டர் ஆபீஸும்தான் அந்தஸ்து. அதைச் சுற்றி வக்கீல்கள், பத்திரம் எழுதுவோர், ஹோட்டல்கள். கூடவே வெல்லமும் மாம்பழமும் விற்கும் சந்தை. இதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஜில்லாத் தலைநகரம் என்றால் நம் நாட்டில் எங்கும் இப்படித்தான். ஆனால் உத்தரவால் வந்த பெருமை இன்னோர் உத்தரவால் பாதியாகலாம் என்பதைச் சித்தூர் இரண்டு முறை பார்த்துவிட்டது. 1911-இல் தெற்குப் பகுதி வேலூரோடு போயிற்று. 2022-இல் கிழக்குப் பகுதி திருப்பதியோடு போயிற்று.

நகர்ந்துகொண்டே இருந்த மாநிலத் தலைநகரம்

மாவட்டத் தலைநகரம் இப்படி என்றால், மாநிலத் தலைநகரம் இந்த மக்களுக்கு இன்னும் பெரிய ஆட்டம் காட்டியது. 1953 வரை அது சென்னை. திருப்பதியிலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டருக்குள். பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதம் இருந்து 1952 டிசம்பரில் உயிர் நீத்தபின், 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் உதயமாயிற்று. சென்னை யாருக்கு என்ற சண்டையில் ம.பொ.சி. அவர்களும் தமிழரசுக் கழகத்தாரும் தலைநகரைக் காக்கக் கிளர்ந்த வரலாறு நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். கடற்கரை ஆந்திரத் தலைவர்களும் ராயலசீமைத் தலைவர்களும் 1937-இல் செய்துகொண்ட ஸ்ரீபாக் ஒப்பந்தத்தை ஒட்டி, கர்நூல் தலைநகரமாயிற்று. அங்கே கட்டடம் போதாமல் கூடாரங்களில் சர்க்கார் ஆபீஸ் நடந்தது. மூன்றே ஆண்டில், 1956 நவம்பர் 1 அன்று, தலைநகரம் ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் ஹைதராபாத்துக்குப் போயிற்று. காலையில் போய் மாலையில் திரும்பும் தலைநகரம் இரவு ரயில் ஏறிப் போகும் தலைநகரமாக மாறியது.

எல்லையும் சும்மா இருக்கவில்லை. தொல்காப்பியப் பாயிரம் வேங்கடத்தைத் தமிழ் நிலத்தின் வட எல்லையாகச் சொல்வதால், ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் திருத்தணி, சித்தூர், திருப்பதி, காளஹஸ்திப் பகுதிகளைக் கேட்டுப் போராடினார்கள். படாஸ்கர் அவர்களின் நடுவர் தீர்ப்பை ஒட்டி, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி நம் பக்கம் வந்தது. அதற்கு ஈடாகச் செங்கற்பட்டு ஜில்லாவின் சத்தியவேடு பக்கத்துக் கிராமங்கள் ஆந்திரத்துக்குப் போயின.

அந்தச் சத்தியவேடு பக்கத்தில்தான் என் பெரியம்மாவின் வீடு. அவர் 1938-இல் பிறந்தது சென்னை மாகாணம், செங்கற்பட்டு ஜில்லா. 1960-இல் ஆந்திரப் பிரதேசம், சித்தூர் மாவட்டம். 2022-இல் திருப்பதி மாவட்டம். சென்னை எழுபது கிலோமீட்டரில் இருக்க, அறுபது ஆண்டுகளுக்கு மேல் நூறு கிலோமீட்டருக்கும் அதிகம் போய்ச் சித்தூரில் காகிதம் வாங்கியவர்கள் அந்த ஊர்க்காரர்கள். நான் இதைப் பற்றிக் கேட்டபோது அவர் சொன்னார்: “நான் இந்தத் திண்ணையை விட்டு நகரவே இல்லடா. கவர்மென்ட்டுதான் நகர்ந்துகிட்டே இருக்கு.”

அமராவதியிலிருந்து வந்த நடைப்பயணம்

2014 ஜூன் 2 அன்று தெலங்கானா பிரிந்தது. ஹைதராபாத் பத்து ஆண்டுகளுக்கு இரு மாநிலத்துக்கும் பொதுத் தலைநகரம் என்றானது. ஆந்திரத்துக்கு மீண்டும் ஒரு தலைநகரம் தேவைப்பட்டது. ஒரே இடத்தில் எல்லாவற்றையும் குவிக்க வேண்டாம் என்று சிவராமகிருஷ்ணன் கமிட்டி 2014 ஆகஸ்டில் கருத்துச் சொன்னது. அரசு கிருஷ்ணா நதிக்கரையில் அமராவதியைத் தேர்ந்தெடுத்தது. சிங்கப்பூர் நிபுணர்கள் வரைபடம் போட்டார்கள். விவசாயிகள் 33,000 ஏக்கருக்கு மேல் நிலத்தை அரசிடம் ஒப்படைத்தார்கள். பணத்துக்கு அல்ல, வரப்போகும் நகரத்தில் மனைப் பங்குக்கு. 2015 அக்டோபர் 22 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது.

2019-இல் ஆட்சி மாறியது. விசாகப்பட்டினம், அமராவதி, கர்நூல் என்று மூன்று தலைநகரத் திட்டம் வந்தது. வேலைகள் நின்றன. நிலம் கொடுத்த விவசாயிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? 2021 நவம்பர் 1 அன்று புறப்பட்டு, நாற்பது நாட்களுக்கு மேல் நடந்து, டிசம்பரில் திருப்பதிக்கு வந்து சேர்ந்தார்கள். ‘நியாயஸ்தானத்திலிருந்து தேவஸ்தானத்துக்கு’ என்பது அந்த யாத்திரையின் பெயர். அமராவதியில் இருக்கும் உயர் நீதிமன்றத்திலிருந்து ஏழுமலையான் சன்னிதிக்கு என்று பொருள். பாதி நின்ற தலைநகரத்தின் முறையீட்டைக் கேட்க, தலைநகரமாகவே திட்டமிடப்படாத ஊருக்கு வந்தார்கள்! 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. 2024-இல் மீண்டும் ஆட்சி மாறி, 2025 மே மாதத்தில் அமராவதிப் பணிகள் மறுபடி தொடங்கி வைக்கப்பட்டன.

சண்டிகரும் புவனேஸ்வரமும் காந்திநகரும் வெளிநாட்டிலும் உள்நாட்டிலும் படித்த நிபுணர்கள் வரைந்த தலைநகரங்கள்தாம். அவை நிலைத்து நிற்கின்றன. ஆகவே வரைபடத்தைக் குறை சொல்வதில் பொருளில்லை. ஆனால் நிலம் கொடுத்தவனுக்குச் சேர வேண்டிய பங்கு, அடுத்த தேர்தலுக்குப் பிறகும் சேருமா என்பதுதான் கேள்வி. விட்டவன் விழுக்காட்டைக் கல்லில் வெட்டி வைத்தவர்கள் அந்தக் கேள்விக்கு முன்பே விடை கண்டிருக்கிறார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

திருச்சானூருக்குத் திரும்பிய கச்சேரி

2022-இல் திருப்பதி மாவட்டம் அமைந்தபோது, பழைய சித்தூர் மாவட்டத்தின் திருப்பதி, சந்திரகிரி, காளஹஸ்தி, சத்தியவேடு பகுதிகளோடு நெல்லூர் மாவட்டத்தின் கூடூர், வெங்கடகிரி, சூலூர்ப்பேட்டைப் பகுதிகளும் சேர்க்கப்பட்டன. சூலூர்ப்பேட்டையோடு ஸ்ரீஹரிகோட்டாவும் வந்தது. ராக்கெட் ஏவுவதற்கு முன் அதன் மாதிரியை மலையில் பெருமாள் முன் வைத்து வணங்கும் விஞ்ஞானிகளுக்கு அன்று முதல் ஏவுதளமும் சன்னிதியும் ஒரே மாவட்டம்!

புதிய கலெக்டர் ஆபீஸ் எங்கே அமைந்தது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. திருச்சானூரில் யாத்திரிகர்கள் தங்குவதற்காகத் தேவஸ்தானம் கட்டியிருந்த பத்மாவதி நிலையத்தில் அது தொடங்கியது. பக்தர்களுக்கான கட்டடத்தை அரசு அலுவலகத்துக்குக் கொடுக்கலாமா என்று வழக்குக் கூட நடந்தது. அந்த வாதம் நியாயமானதே. ஆனாலும் ஒன்றை நினைத்துப் பாருங்கள். திருச்சுகனூர்ச் சபையார் நிலத்துக்கும் நீருக்கும் கணக்குப் பார்த்த அதே ஊருக்கு, ஆயிரம் ஆண்டு கழித்து, நிலத்துக்கும் நீருக்கும் கணக்குப் பார்க்கும் கச்சேரி திரும்பி வந்திருக்கிறது.

ஊர் அதற்குத் தயாராகவும் இருந்தது. 1886-இல் நகராட்சி, 1954-இல் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம், 1983-இல் பெண்கள் பல்கலைக்கழகம், 2007-இல் மாநகராட்சி, 2015-இல் ஏர்ப்பேடு பக்கம் ஐ.ஐ.டி. தலைநகரம் என்ற பெயர் வந்து சேர்வதற்கு முன்பே பள்ளியும் ஆஸ்பத்திரியும் வந்துவிட்டன. பெரும்பாலும் நாம் பார்ப்பது இதற்கு நேர்மாறு.

நமக்கு இதில் என்ன?

திருப்பதி தமிழருடையதா, தெலுங்கருடையதா என்று சங்கக் கூட்டங்களில் சூடாக விவாதம் நடப்பதைக் கேட்டிருக்கிறேன். கல்வெட்டைக் காட்டி நாம் பேசுவோம். அன்னமாச்சாரியாரின் கீர்த்தனையைக் காட்டி அவர்கள் பேசுவார்கள். மார்கழி வந்தால் திருமலையில் சுப்ரபாதத்துக்குப் பதில் ஆண்டாளின் திருப்பாவைதான் ஒலிக்கிறது. அதைக் கேட்டு நிற்பவர்களில் தெலுங்கர்தான் அதிகம். எல்லைக் கோடு 1960-இல் முடிந்த காரியம். அதைப் பற்றி வருந்துவதால் இனி ஒரு பயனும் இல்லை.

வருந்த வேண்டியது வேறொன்று இருக்கிறது. பெரியம்மா தமிழில் எழுதப் படிக்கத் தெரிந்தவர். அவர் மகன் தமிழ் பேசுவார், எழுதுவது தெலுங்கு. பேரன் தெலுங்கும் ஆங்கிலமும் படிக்கிறான். பாட்டியோடு பேசுவதற்கு மட்டும் கொஞ்சம் தமிழ் வைத்திருக்கிறான். கடல் தாண்டி வந்த நம் வீடுகளிலும் இதே கதைதானே? நாம் ஊரை விட்டு வந்ததால் மொழி தேய்கிறது என்று சொல்லிக்கொள்கிறோம். ஊரை விட்டு நகராத குடும்பத்திலும் அது தேய்கிறது. வீட்டில் பேசுவதும் எழுதுவதும் அன்றாட வேலையாக இருந்தால்தான் மொழி நிற்கும், கோயிலில் அன்றாடம் தளிகை நடப்பது போல. ஒரு பெரிய விழா நடத்திவிட்டு ஓய்ந்துவிட்டால் நிற்காது.

சித்தூர், திருத்தணி, சத்தியவேடு பக்கத்து வேர் உள்ள நண்பர்களுக்கு இன்னொரு வேண்டுகோள். பெற்றோரின் பள்ளிச் சான்றிதழ், பழைய பட்டா, பத்திரம் எதையும் ‘பழைய காகிதம்’ என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரே வீட்டுக்கு மூன்று மாவட்டப் பெயர் இருக்கும் இடம் அது. பிள்ளைகள் நாளை எங்கிருந்து வந்தோம் என்று கேட்டால், அந்த மூன்று பெயரும் சரிதான் என்று காட்டக் கையில் ஆதாரம் வேண்டும்.

அடுத்த முறை திருப்பதிக்குப் போகும்போது மலையிலிருந்து இறங்கியதும் நேரே பஸ் ஏறாதீர்கள். காலையில் கோவிந்தராஜர் கோயில், மாட வீதிகள், பிற்பகலில் சந்திரகிரி, மாலையில் திருச்சானூர். கோவிந்தராஜர் கோயில் சுவரில் பிள்ளைகளை நிறுத்தி எழுத்துகளைப் படிக்கச் சொல்லுங்கள். எல்லாம் விளங்காது. ஆனால் விஜயநகர காலத்துத் தமிழ் எழுத்துகள் சில இன்றைய எழுத்துப் போலவே இருப்பதால், ‘இது க, இது ப’ என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். அதற்கு ஒரு நாள் கூடுதலாக லீவு எடுத்துக்கொண்டு போங்கள்.